சைக்கிள் பிரதமரும் பழைய நோக்கியாவும்

கேள்வி: பதவியை ஒப்படைத்துவிட்டு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போகும் நெதர்லாந்து பிரதமரின் வீடியோவைப் பார்த்தேன். மார்க் ருட்டே உண்மையிலேயே அவ்வளவு எளிமையானவரா? 14 வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்? அவ்வளவு நல்ல மனிதர் என்றால் ஏன் போக வேண்டி வந்தது?

வீடியோ உண்மைதான். 2024 ஜூலை 2 அன்று புதிய பிரதமர் டிக் ஸ்கூஃபிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ருட்டே சைக்கிளில்தான் கிளம்பினார். 2018-ல் காபியைக் கீழே கொட்டிவிட்டு, துடைப்பத்தை வாங்கித் தானே தரையைத் துடைத்த வீடியோவும் உண்மை. பழைய சாப் கார், தி ஹேக் நகரில் வருடக்கணக்காக அதே வீடு, பிரதமராக இருந்தபோதும் வாரம் ஒருமுறை அந்த ஊர்ப் பள்ளியொன்றில் பாடம் எடுத்தது, இதெல்லாமும் நாடகம் இல்லை. ஆனால் நெதர்லாந்தில் சைக்கிளில் போவது பெரிய விஷயமே இல்லை. நம் ஊரில் ஒருவர் டூவீலரில் ஆபீஸ் போவதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவர் ஏன் நீடித்தார் என்பதற்கும் ஏன் போனார் என்பதற்கும் பதில் வேண்டுமென்றால் சைக்கிளை விட்டுவிட்டு அவருடைய போனைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நெதர்லாந்தின் கீழவையில் 150 இடங்கள். தொகுதிகள் கிடையாது, நாடு முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. நாட்டில் விழுந்த மொத்த ஓட்டில் 0.67 சதவீதம் வாங்கினால் ஒரு இடம். அதனால் பத்துக்கு மேல் கட்சிகள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காது, கிடைத்ததும் இல்லை. ருட்டேயின் லிபரல் கட்சியான வி.வி.டி. தொடர்ச்சியாக நான்கு தேர்தல்களில் முதலிடம் பிடித்தது. அதன் உச்சம் எவ்வளவு தெரியுமா? 2012-ல் 41 இடம், கிட்டத்தட்ட 27 சதவீத ஓட்டு. அதாவது நான்கில் மூன்று பேர் அவருக்கு ஓட்டுப் போடாத நாட்டில் அவர் கிட்டத்தட்ட 14 வருடம் பிரதமர். தேர்தலில் ஜெயிப்பது அங்கே பாதி வேலைகூட இல்லை. எண்ணி முடித்த மறுநாள் யாரோடு உட்கார்ந்து பேசி உடன்படுவது என்பதில்தான் பதவி இருக்கிறது. அதில் ருட்டேயை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-ல் தி ஹேக்கில் பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் கடைசி. அப்பா டச்சுக் கிழக்கிந்தியாவில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், வியாபாரத் துறையில் இருந்தவர். அப்பாவின் முதல் மனைவி போர்க்காலத்தில் அங்கே ஜப்பானியர் முகாமில் இறந்துபோனார். அவருடைய தங்கைதான் ருட்டேயின் அம்மா. ருட்டே பியானோ கலைஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், லீடனில் வரலாறு படித்தார், யூனிலீவரில் மனிதவளத் துறையில் வேலை பார்த்தார். இந்தக் கடைசித் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பது, ஆளைச் சமாதானப்படுத்துவது, சிரித்துக்கொண்டே கெட்ட செய்தி சொல்வது எல்லாம் அங்கே பழகியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

2002-ல் சமூக நலத் துறையின் இணை அமைச்சராக வந்தார். அடுத்த வருடம் ஒரு காரியம் செய்தார். சோமாலியப் பின்னணி உள்ளவர்கள் அரசு உதவித்தொகையில் மோசடி செய்கிறார்களா என்று தனியாகச் சோதியுங்கள் என்று உள்ளாட்சிகளுக்குச் சொன்னார். அது இனப் பாகுபாட்டைத் தூண்டும் செயல் என்று 2007-ல் நீதிமன்றம் சொன்னது. அப்போது அது சின்னச் செய்தி. இருபது வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது அது சின்னதாகத் தெரியவில்லை. ஏன் என்று பின்னால் புரியும்.

2006-ல் கட்சித் தலைவர் பதவிக்கு ரீட்டா வெர்டோங்கை எதிர்த்துப் போட்டியிட்டு குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருடப் பொதுத்தேர்தலில் கட்சி 28 இடத்திலிருந்து 22-க்கு இறங்கியது. அதைவிடப் பெரிய அவமானம், கட்சியின் வேட்பாளர் பட்டியலில் முதல் பெயரான ருட்டேயை விட இரண்டாவது பெயரான வெர்டோங்குக்கு 60 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக விழுந்ததுதான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கதை முடிந்திருக்கும். இவர் பொறுத்திருந்தார். மறுவருடம் வெர்டோங்க் தன் வாயாலேயே சிக்கிக் கட்சிக்குழுவை விட்டு வெளியேற்றப்பட்டார். காத்திருப்பதும் ஒரு திறமைதான்.

2010-ல் 31 இடம். தொழிலாளர் கட்சிக்கு 30. ஒரே ஒரு இட வித்தியாசத்தில் பிரதமர் நாற்காலி. 1918-க்குப் பிறகு ஒரு லிபரல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அப்போதுதான். முதல் அமைச்சரவை ஒரு விநோதம். வி.வி.டி.யும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சேர்ந்தாலே 52 இடம்தான். பெரும்பான்மைக்குத் தேவையான மீதி 24-ஐ வெளியிலிருந்து தந்தவர் கீர்ட் வில்டர்ஸ், இஸ்லாம் எதிர்ப்பை முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர். 2012 ஏப்ரலில் செலவுக் குறைப்புப் பேச்சுவார்த்தை ஏழு வாரம் ஓடிய பிறகு வில்டர்ஸ் எழுந்து போய்விட்டார். அரசு கவிழ்ந்தது. இங்கேதான் ருட்டே காலத்து நெதர்லாந்தின் வேலைமுறை முதன்முதலாகத் தெரிகிறது. சில நாட்களுக்குள் வேறு மூன்று எதிர்க்கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு பட்ஜெட் ஒப்பந்தம் ஒன்று தயாராகிவிட்டது. முந்தின வாரம் வரை எதிரியாக இருந்தவர்கள்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 2012 தேர்தலில் ருட்டே வாக்குறுதிகளை அள்ளி வீசினார். வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் 1,000 யூரோ, வீட்டுக்கடன் வட்டி மீதான வரிச்சலுகையில் கை வைக்க மாட்டோம், கிரீஸுக்கு இனிப் பணம் கிடையாது. சோஷலிஸ்டுகள் வந்தால் நாடு போச்சு என்று தொழிலாளர் கட்சியைக் காட்டி பயமுறுத்தினார். அந்தக் கட்சியின் டிடெரிக் சாம்சோம் ருட்டேயைக் காட்டி பயமுறுத்தினார். பயந்துபோன ஜனங்கள் இருபக்கமும் கும்பலாக ஓட்டுப் போட, ஒருவருக்கு 41, இன்னொருவருக்கு 38. சரி, அப்புறம் என்ன ஆனது? இருவரும் இரண்டே மாதத்துக்குள் கைகோத்து ஒரே அமைச்சரவை அமைத்தார்கள். மூன்று வாக்குறுதியும் காற்றில் போனது. அந்த 1,000 யூரோவுக்காக ருட்டே பின்னாளில் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த அரசு தன் முழுக் காலத்தையும் நிறைவு செய்து, கிட்டத்தட்ட ஐந்தாண்டு நீடித்தது. மேலவையில் பெரும்பான்மை இல்லாமலேயே, ஒவ்வொரு மசோதாவுக்கும் சின்னக் கட்சிகளோடு தனித்தனியாக பேரம் பேசி ஓட்டினார்கள்.

2017 தேர்தலில் அந்தத் தொழிலாளர் கட்சிக்கு என்ன கிடைத்தது தெரியுமா? 38 இடம் 9 ஆனது. ருட்டே 33 இடத்தோடு மறுபடி முதலிடம். இதே கதை முன்னும் பின்னும் நடந்திருக்கிறது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 2010-ல் 21 இடத்தோடு அவரோடு சேர்ந்து 2012-ல் 13-க்கு வந்தது. மறுபடி 19-க்கு ஏறி, மறுபடி அவரோடு சேர்ந்து, 15 ஆகி, 2023-ல் 5-ல் போய் நின்றது. டி66 கட்சி 24-லிருந்து 9. ருட்டேயோடு கூட்டணி வைப்பது என்பது நல்ல வெயிலில் ஆலமரத்தடியில் கன்று நடுவது மாதிரி. நிழல் உண்டு, வளர்ச்சி கிடையாது. கெட்ட பெயரெல்லாம் பங்காளிக்கு ஒட்டும், இவர் மேல் ஒட்டாது. அதனால்தான் டெஃப்லான் மார்க் என்று பெயர் வைத்தார்கள், ஒட்டாத தோசைக்கல்.

ஏன் ஒட்டவில்லை? அவரிடம் பிடித்துத் தொங்குவதற்குக் கொள்கை என்று பெரிதாக எதுவும் இல்லை. 2013-ல் ஒரு உரையில், தொலைநோக்கு என்பது பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கும் யானை என்கிற மாதிரி பேசினார். இதைப் பலர் கிண்டலடித்தார்கள். எனக்கென்னவோ அது அவர் சொன்னதிலேயே நேர்மையான பேச்சு என்று தோன்றுகிறது. பிரச்சினை வரும்போது பார்த்துக்கொள்ளலாம், யார் யார் ஓட்டு வேண்டுமோ அவர்களைக் கூப்பிட்டுப் பேசலாம், அவ்வளவுதான். 2016-ல் உக்ரைனுடனான ஐரோப்பிய ஒப்பந்தத்தை 61 சதவீதம் பேர் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தபோதும் அதைத்தான் செய்தார். ஒப்பந்தத்துக்கு ஒரு பின்குறிப்பு வாங்கிச் சேர்த்துவிட்டு, அதே ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டார். அடிமை வணிகத்துக்கு அரசு மன்னிப்புக் கேட்பது சமூகத்தைப் பிளக்கும் என்று 2020-ல் சொன்னவர், 2022 டிசம்பரில் அரசு சார்பில் தானே மன்னிப்புக் கேட்டார். நிலைப்பாட்டை மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த மன்னிப்பு வந்தது நல்லதுதான்.

இனி போன் விஷயம். ருட்டே ஆட்சி செய்தது கோப்புகளால் இல்லை, போனால். நாள் முழுக்க யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பார், எதிர்க்கட்சித் தலைவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார், பிறந்தநாள்களை மறக்க மாட்டார். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் ஒரு வசதி உண்டு. அதை நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

2017-ல் நான்கு கட்சிகள் சேர்ந்த மூன்றாவது அமைச்சரவை 225 நாள் பேச்சுக்குப் பிறகு அமைந்தது. அதன் திட்டத்தில் பங்கு ஈவுத்தொகை வரியை ரத்து செய்வது என்று ஒரு வரி இருந்தது. வருடத்துக்குச் சுமார் 1.4 பில்லியன் யூரோ இழப்பு, பெரும்பாலும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு லாபம். எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இது இல்லை. எங்கிருந்து வந்தது? அதிகாரிகளின் குறிப்புகள் உண்டா என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். தனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை என்றார். 2018 ஏப்ரலில் குறிப்புகள் வெளியே வந்தன. அந்த வருடமே, தலைமையகத்தை ரோட்டர்டாமுக்கு மாற்றும் யோசனையை யூனிலீவர் கைவிட்டதும் திட்டமும் கைவிடப்பட்டது. இவர் முன்பு வேலை பார்த்த அதே நிறுவனம் என்பதை ஊரே பேசிச் சிரித்தது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

நெதர்லாந்தில் குழந்தைகள் காப்பகச் செலவுக்கு அரசு மானியம் தரும், வரித்துறை வழியாக. 2013 வாக்கில் பல்கேரியக் கும்பல் ஒன்று மானிய மோசடி செய்தது அம்பலமாகி, மோசடிக்காரர்களை விடாதே என்று ஒரே கூச்சல். அப்போது மோசடி ஒழிப்புக்கென்று அமைச்சர்கள் குழு ஒன்று அமைந்தது. தலைமை ருட்டே. வரித்துறை சாதாரணப் பெற்றோர்கள் மேல் பாய்ந்தது. ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும், ஒரு சின்னத் தொகை கட்டாமல் இருந்திருந்தாலும், வாங்கிய மானியம் முழுவதையும் திருப்பிக் கட்டு என்றார்கள். பத்தாயிரம், இருபதாயிரம் யூரோ, அதற்கும் மேல். தவணை கேட்டால் நீ மோசடிக்காரன், தவணை கிடையாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் சோதனையில் அதிகம் சிக்கினார்கள். சோமாலியர்களைத் தனியாகச் சோதியுங்கள் என்று 2003-ல் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறதா? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. வீடு போனது, வேலை போனது, திருமணங்கள் முறிந்தன.

இதைத் தோண்டி எடுத்தவர்கள் பெரிய தலைவர்கள் இல்லை. ஆளுங்கூட்டணியிலேயே இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பீட்டர் ஓம்ட்சிக்ட், சோஷலிஸ்ட் கட்சியின் ரென்ஸ்கா லைட்டன் என்ற இரண்டு எம்.பி.க்கள், சில பத்திரிகையாளர்கள். வருடக்கணக்காகக் கேள்வி மேல் கேள்வி. பதிலாக வந்ததோ கறுப்பு மையால் அழித்த காகிதங்கள். அதிகாரிகளின் உள்குறிப்புகளை நாடாளுமன்றத்துக்குக் காட்டத் தேவையில்லை என்ற அந்தப் பழக்கத்துக்கு ருட்டே கோட்பாடு என்றே பெயர் வந்துவிட்டது. கோட்பாடே இல்லாத மனிதரின் பெயரில் ஒரு கோட்பாடு! 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு, இது முன்னெப்போதும் இல்லாத அநீதி என்று அறிக்கை கொடுத்தது. 2021 ஜனவரி 15 அன்று மொத்த அமைச்சரவையும் ராஜினாமா. ராஜினாமாவை மன்னரிடம் கொடுக்க எப்படிப் போனார் என்று நினைக்கிறீர்கள்? சைக்கிளில்தான். அந்தப் படமும் உலகம் முழுக்கச் சுற்றியது. பார்த்தவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டு மாதத்தில் தேர்தல் வந்தது, அவரே மறுபடி முதலிடம், 34 இடம். கொரோனா காலம் அது. நெருக்கடியில் நிதானமாகப் பேசும் பிரதமரை மக்களுக்குப் பிடித்திருந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த தன் அம்மாவை, விதிமுறைக்குக் கட்டுப்பட்டு, கடைசி நேரம் வரை போய்ப் பார்க்காமல் இருந்தார் என்பதும் மக்கள் மனதில் இருந்தது. இந்த மனிதரைப் பற்றி எழுதுவதில் இதுதான் சிரமம். எளிமையும் உண்மை, மழுப்பலும் உண்மை.

தேர்தல் முடிந்த எட்டே நாளில் ஒரு புகைப்படம். கூட்டணிப் பேச்சை ஆரம்பித்து வைக்க நியமிக்கப்பட்ட காய்சா ஒல்லொங்கிரன், தனக்குக் கொரோனா என்று தெரிந்து அவசரமாகக் கட்டடத்தை விட்டு வெளியேறுகிறார். கைக்கிடையில் காகிதங்கள். கேமரா அதைப் படித்துவிட்டது. ஓம்ட்சிக்டின் நிலை, வேறு இடத்தில் பதவி என்று ஒரு வரி. ஊழலைத் தோண்டிய எம்.பி.யை எங்கேயாவது தூக்கிப் போடப் பார்க்கிறார்களா? ஓம்ட்சிக்டைப் பற்றி நான் பேசவே இல்லை என்றார் ருட்டே. ஒரு வாரத்தில் கூட்டக் குறிப்புகள் வெளியாயின. பேசியிருந்தார். அவரை அமைச்சராக்கலாம் என்கிற ரீதியில். பொய் சொல்லவில்லை, தவறாக ஞாபகம் வைத்திருந்தேன் என்றார். ஏப்ரல் 1 அன்று தொடங்கிய விவாதம் விடிய விடிய ஓடியது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் சில ஓட்டுகளில் தோற்றது. கண்டனத் தீர்மானம் அவருடைய கட்சி தவிர மற்ற எல்லாக் கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறியது. நம் பாதைகள் இங்கே பிரிகின்றன என்று கூட்டணிக் கட்சியான டி66-ன் தலைவர் சிக்ரிட் காக் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். பிரிந்த பாதைகள் ஒன்பது மாதத்தில் திரும்பச் சேர்ந்தன. தேர்தல் முடிந்து 299 நாள் கழித்து, 2022 ஜனவரியில், அதே நான்கு கட்சிகள், பிரதமர் ருட்டே, நிதியமைச்சர் காக்.

ஜெயித்தார் என்றுதான் பார்க்கத் தோன்றும். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் மக்கள் பழையபடி நம்பவில்லை. 2022 மே மாதம் அடுத்த செய்தி. பிரதமர் தன் பழைய நோக்கியா போனில் வரும் குறுஞ்செய்திகளை வருடக்கணக்காகத் தினமும் அழித்து வந்திருக்கிறார். முக்கியம் என்று தான் நினைத்ததை மட்டும் அதிகாரிகளுக்கு அனுப்பி வைத்தாராம். விளக்கம் என்ன? போனில் இடம் பத்தவில்லை. ஒரு நாட்டின் அரசு ஆவணக் காப்பகத்தை நோக்கியாவின் மெமரி தீர்மானித்திருக்கிறது. ஆகஸ்டில் முன்னாள் பிரதமர் லுப்பர்ஸின் கிட்டத்தட்ட 12 வருட சாதனையை முறியடித்து மிக நீண்ட காலம் பதவியில் இருந்த பிரதமர் ஆனார். வாழ்த்துகள் வந்தன, கூடவே நோக்கியா ஜோக்குகளும்.

க்ரோனிங்கன் கதையையும் சொல்லாமல் விட முடியாது. வடக்கே இருக்கும் அந்த மாகாணத்தின் அடியில் ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல். 1960-களிலிருந்து எடுத்தார்கள், நில அதிர்வு வந்தது, வீடுகள் விரிசல் விட்டன. 2012-ல் ஹைசிங்க என்ற ஊரில் 3.6 அளவில் அதிர்ந்த பிறகு, உற்பத்தியைக் குறையுங்கள் என்று கண்காணிப்புத் துறை சொன்னது. 2013-ல் குறைக்கவில்லை, கூட்டினார்கள். பட்ஜெட்டுக்குப் பணம் வேண்டும். எடுப்பதை நிறுத்தும் முடிவை ருட்டே அரசே 2018-ல் எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும், 2023 அக்டோபரில் உற்பத்தி நின்றது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைக்கு அரசு மேல் இருந்த நம்பிக்கை வீட்டுச் சுவரோடு சேர்ந்து விரிசல் விட்டிருந்தது.

கடைசியில் கவிழ்ந்தது இவை எதிலும் இல்லை. 2023 ஜூலை 7 அன்று, போர் அகதிகளின் குடும்பத்தினர் வந்து சேருவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ருட்டே பிடிவாதம் பிடிக்க, கிறிஸ்தவ ஒன்றியம் என்ற சின்னக் கட்சி முடியாது என்றது. எந்தச் சிக்கலிலும் ஒரு நடுவழி கண்டுபிடிக்கும் மனிதர் அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. வேண்டுமென்றே கவிழ்த்தார், குடியேற்றத்தைத் தேர்தல் பேச்சாக்க நினைத்தார் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அடுத்த திங்கட்கிழமை, எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொண்டுவரத் தயாராக இருந்தபோது, அரசியலை விட்டே போகிறேன் என்று அறிவித்தார். நவம்பர் தேர்தலில் ஜெயித்தது யார்? 37 இடத்தோடு வில்டர்ஸ். பதவியில் இருந்து ஒதுக்கிவைக்கப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஓம்ட்சிக்ட், புதுக் கட்சி ஆரம்பித்த மூன்றே மாதத்தில் 20 இடம் வாங்கினார்.

ஆக உங்கள் கேள்விக்கு: எளிமையானவரா? ஆம். திறமைசாலியா? ஐரோப்பாவில் அவர் அளவுக்குப் பேரம் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. நல்ல பிரதமரா என்று காப்பக மானியத்தில் சிக்கிய ஒரு பெற்றோரிடம் கேட்டால் வேறு பதில் வரும், நான் அவர்கள் பக்கம்தான்.

2024 அக்டோபர் 1 முதல் அவர் நேட்டோவின் பொதுச்செயலாளர். 2011-ல் செலவு மிச்சம் பிடிக்கத் தன் நாட்டு ராணுவத்தின் டாங்கிப் படைகளைக் கலைத்த அரசின் தலைவர், இப்போது உறுப்பு நாடுகளிடம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறார். 2025 ஜூனில் அவருடைய சொந்த ஊரான தி ஹேக்கிலேயே உச்சி மாநாடு நடந்தது. டிரம்ப் விமானத்தில் வந்துகொண்டிருந்தபோது ருட்டே அவரைப் புகழ்ந்து தள்ளி ஒரு செய்தி அனுப்பினார், தனிப்பட்ட முறையில். டிரம்ப் அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊருக்கெல்லாம் போட்டுவிட்டார். நிருபர்கள் கேட்டபோது, அதில் தனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை என்று ருட்டே சிரித்தார். தன் செய்திகளைப் பத்திரமாக அழித்து வைத்தவரால் எதிராளியின் போனில் இருப்பதை என்ன செய்ய முடியும்?